அண்ணன் நின்ற ஏழு மாதம்

அண்ணன் போய் ஓராண்டு ஆகிறது. அழுது ஓய்ந்துவிட்டேன், கோபம்தான் இன்னும் ஆறவில்லை. உறவினரும் நண்பர்களும் வாசிக்கும் இந்த நினைவு மலரில் அதை மறைத்து எழுத எனக்கு வரவில்லை.

திருவாதவூரில் விவசாயக் குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார். அப்பா சீக்கிரமே காலமானதால், வயலையும் பார்த்துக்கொண்டு தேர்வெழுதி வங்கியில் எழுத்தராகச் சேர்ந்தார். எனக்குத் திருமணம் செய்துவைத்த பிறகே தம் திருமணத்துக்குச் சம்மதித்தார். கோரிப்பாளையம் கிளைக்கு மேலாளராக வந்த அன்று, "வீட்டுப் பக்கமே வந்துட்டேன் தாயி, இனி நிம்மதி" என்றார். அந்த நிம்மதி புது மண்டல அதிகாரி வரும்வரைதான்.

அந்த அதிகாரி தினமும் காலையில் வீடியோவில் கூட்டம் நடத்துவார். ஒவ்வொரு கிளையிலும் வாடிக்கையாளர்களிடம் இன்சூரன்ஸ் பாலிசி மிகக் குறைவாகப் பிடித்த ஊழியர், கூட்டம் முடியும்வரை எழுந்து நிற்க வேண்டும். முதல் நாள் நின்றவர் கேஷியர் ஜமீலா அம்மையார். ஓய்வுபெறும் வயதை நெருங்கியவர். கண்ணாடிக்கு வெளியே வாடிக்கையாளர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வருகிறவர்களைப் பேர் சொல்லி நலம் விசாரிக்கும் அவர், அன்று முழுவதும் யார் முகத்தையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

மறுநாள் அவர் எழுவதற்குள் அண்ணன் எழுந்துகொண்டார்.

"நீங்க மேனேஜர்தானே?" என்று அதிகாரி அதட்டினார்.

"கிளையில குறைன்னா அது என் குறைதான் சார்."

அன்று முதல் ஏழு மாதம் தினமும் அண்ணனே நின்றார். இதயத்தில் ஸ்டென்ட் வைத்த மனிதர். ஜமீலா அம்மையார் பழையபடி பேச ஆரம்பித்தார்; ஊழியர்கள் முகம் கோணாமல் வேலை பார்த்தார்கள்.

நாமும் ஒரு தவறு செய்தோம். எப்படியாவது அவரை உட்காரவைத்துவிடலாம் என்று, சித்தப்பா வீட்டிலும் என் வீட்டிலும் ஆளாளுக்குப் பாலிசிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு நீட்டினோம். அப்படியே கிழித்துப் போட்டார்.

"எம்புட்டு நாளைக்குத்தாண்ணே நிப்பீக?" என்று கத்திவிட்டேன்.

"எம்புட்டுப் பிடிச்சாலும் ஒருத்தர் கடைசியாத்தான் இருப்பாக. நான் உக்காந்தா அவுக எந்திரிக்கணும் தாயி. விடு."

கடைசி நாளும் நின்றுகொண்டிருந்தவர்தான். வியர்த்துக் கொட்ட, நாற்காலியில் சரிந்திருக்கிறார். "உக்காரச் சொல்லலையே!" என்று திரையிலிருந்து குரல் வந்ததாம். மருத்துவமனை வாசலிலேயே உயிர் பிரிந்துவிட்டது.

அவரைத் தூக்கிக்கொண்டு ஓடிய கிளை ஊழியர்களுக்கும், காசு வாங்க மறுத்த ஆட்டோக்காரருக்கும், காரியங்களில் கூட நின்ற உறவினர் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மாலையோடு வந்த அதிகாரிக்கு நன்றி சொல்ல என்னால் முடியவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜமீலா அம்மையாருக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். கருமாதி முடிந்த மறுநாள் கூட்டத்தில், குறைவாகப் பிடித்தவர் எழுந்திருக்கும்படி அதிகாரி சொன்னபோது அவர் பதில் சொல்லியிருக்கிறார்: "எங்க சார் எங்களுக்காக நின்னு நின்னே போயிட்டாரு. இனிமே இங்க யாரும் எந்திரிக்க மாட்டோம் சார்."

உட்கார்ந்தபடியேதான் சொன்னாராம். அந்தக் கிளையில் இன்றுவரை ஒருவரும் எழுந்து நிற்கவில்லை.

— தங்கை