பின் அச்சுக்கு எந்த ஒயில்

காலை ஆறு மணி பத்து நிமிடம். கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது, எங்கள் பிக்கப்பின் பின் அச்சுக்குக் கீழே கிடந்த வெள்ளைத் திட்டு. ரப்பர் பால் என்றுதான் நினைத்தேன். தெஹியோவிட்டப் பக்கத்துத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தரையில் வெள்ளையாக எது சிந்தியிருந்தாலும் அது பால்தான். யாரோ வாளியைச் சாய்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று சுரண்டப் போனேன். பால் என்றால் விரலில் ஒட்டி இழுபடும். இது வழுக்கியது. முகர்ந்து பார்த்தேன், கந்தக வாடை.

2007ஆம் ஆண்டு, வடக்கில் சண்டை நடந்த காலம், ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்த நேரம் அது. என் கணவர் அந்த வண்டியில் ஹயர் ஓடுகிறவர். தோட்டங்களிலிருந்து உறைந்த ரப்பரான ஒட்டுப்பால் மூட்டைகள், சந்தைக்கு மரக்கறி, சில நாட்களில் கல்யாண வீட்டுக் கதிரைகள். அவிசாவளை ரோட்டில் ஒருநாள் கை காட்டிய ஒருவரை ஏற்றிக்கொண்டார். சோதனைச் சாவடியில் அந்த மனிதரை இறக்கினார்கள். ஏற்றி வந்தவரையும் இறக்கினார்கள். பிடித்த வண்டிகளை நிறுத்தும் வளவில் பிக்கப் சில வாரங்கள் கிடந்தது. ஆறு பெருகி அந்த வளவுக்குள் வெள்ளம் ஏறியபோதும் அங்கேதான் நின்றது. பிறகு வண்டியைத் திருப்பிக் கொடுத்தார்கள். அவரைக் கொடுக்கவில்லை.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நான் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், வேலைக்குப் போகும் பெண்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்தேன். காலையில் குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு நின்று ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போன பெண்கள், அதன் பிறகு பாயில் கிடத்திவிட்டுப் போனார்கள். எங்கள் வாசலைக் கடக்கும்போது மழை எந்தப் பக்கம் அடித்தாலும் குடை எங்கள் பக்கம் சாய்ந்தது. யார் மேலும் குறை சொல்ல முடியாது. அந்த வருடங்களில் கேள்வி கேட்க வருகிறவர்கள், யார் யாரோடு பேசினார்கள் என்றுதான் முதலில் கேட்பார்கள்.

வண்டியை ஓட்ட யாரும் முன்வரவில்லை. கடைசியில் ஒத்துக்கொண்டவர் கீழ்க் கிராமத்துச் சிங்களவர் ஒருவர். முன்பு தோட்டத்து லொறி ஓட்டியவர், தமிழ் நன்றாக வரும். நான் அவரை அய்யே, அதாவது அண்ணன், என்பேன். அவர் என்னை நங்கி என்று, தங்கையைக் கூப்பிடுவதுபோல் கூப்பிடுவார். அன்று காலை அவர் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார். பின் அச்சுக்குள் வெள்ளத் தண்ணீர் போய் ஒயிலோடு கலந்துவிட்டது, அதுதான் பால்போல் ஒழுகுகிறது, முழுவதையும் வடித்துவிட்டுப் புது ஒயில் ஊற்ற வேண்டும் என்றார். அது வரைக்கும் ஒரு மூட்டைகூட ஏற்ற மாட்டேன் என்றும் சொன்னார்.

“அப்ப ஊத்திருங்க அய்யே.”

“எத ஊத்துறது நங்கி? முன்னுக்கு உள்ள அச்சு எனக்குத் தெரியும். பின்னுக்கு உள்ளது இந்த வண்டியோடது இல்ல. உங்க ஆள் கொழும்புல, பஞ்சிகாவத்தைப் பழைய சாமான் கடைகள்ல தேடி எடுத்துப் போட்டது. உள்ளுக்கு என்ன இருக்குன்னு அவருக்குத்தான் தெரியும். பிழையான ஒயில் ஊத்தினா அரைச்சுப் போடும்.”

அந்த அச்சு போனால் இன்னொன்று வாங்க வழியில்லை. வண்டி ஓடினால்தான் வாரம் ஒருமுறை கொழும்புக்குப் போய் அவரைப் பார்க்கவும் வழக்கறிஞரின் வாசலில் நிற்கவும் முடியும். என் சம்பளம் அரிசிக்குச் சரியாக இருந்தது. அவரிடமே கேட்டுக்கொண்டு வருகிறேன் என்றேன்.

அவரை வைத்திருந்த இடத்தில் இரண்டு கம்பி வலைகளுக்கு நடுவே ஓர் ஆள் நடக்குமளவு இடைவெளி. அதில் ஒரு ஸ்டூல் போட்டு இளம் காவலர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவருக்குத் தமிழ் தெரியாது. அதனால் பேசுவதெல்லாம் சிங்களத்தில் இருக்க வேண்டும். எங்கள் ஊரில் எல்லோருக்கும் சிங்களம் சரளம், அதில் கஷ்டம் இல்லை. ஆனால் நாங்கள் இருவரும் ஒருவரோடொருவர் அதில் பேசியதே இல்லை. வீட்டில் நான் அவரை ‘இங்க பாருங்க’ என்று கூப்பிடுவேன். சிங்களத்தில் கணவனை எப்படிக் கூப்பிடுவது? முதல் நாள் ‘ஒயா’ என்றேன். சிங்களத் தம்பதிகள் அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள். அவர் நிமிர்ந்து, வேறு யாரோ வந்திருப்பதுபோல் என்னைப் பார்த்தார். அதற்குப் பிறகு வந்த சந்திப்புகளில் சாப்பிட்டீர்களா, சாப்பிட்டேன், தூங்கினீர்களா, தூங்கினேன். மீதி நேரத்தில் பக்கத்தில் நின்றவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டு நிற்போம்.

அன்றைக்கு நான் சாப்பாட்டைப் பற்றிக் கேட்கவில்லை. பின் அச்சில் தண்ணீர் போய்விட்டது, எந்த ஒயில் ஊற்ற வேண்டும் என்று கேட்டேன். அவர் வலைக்கு அருகில் வந்தார். ஒயில் என்ன நிறத்தில் இருக்கிறது, ஒழுகுவது நடுவிலா சில்லுப் பக்கமா, வண்டியை அதற்குப் பிறகு ஓட்டினீர்களா என்று வரிசையாகக் கேட்டார். முன் அச்சுக்குச் சாதாரண தொண்ணூறாம் நம்பர் ஒயில் போதும் என்றார். பின் அச்சுக்கு அது கூடாது. அதற்கென்று வேறு தொண்ணூறு இருக்கிறது, டின்னில் எல்.எஸ்.டி. என்று மூன்று எழுத்து இருக்கும், அதைப் பார்க்காமல் வாங்காதே.

ஸ்டூலில் இருந்த காவலர் குறுக்கிட்டார்.

“மலை ரோட்டுக்கு நூற்று நாற்பதுதான் நல்லது. எங்கட அண்ணன் அதுதான் ஊத்துறார். இதே மாதிரி வண்டி.”

அது லொறிக்குச் சரி என்றார் என் கணவர். இந்த அச்சுக்குள்ளே மெல்லிய தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டினாற்போல் அடுக்கியிருக்கின்றன, தடித்த ஒயில் அவற்றின் இடையில் போகாது. சாதாரண ஒயில் போனாலும் தட்டுகள் பிடித்துப் பிடித்து விடும்.

“வளைவுல திருப்பும்போது உங்க அண்ணன்ட வண்டி பின்னுக்கு டக் டக்குன்னு அடிக்குதா?”

காவலர் கொஞ்சம் யோசித்தார். “அடிக்குது. ஸ்பிரிங்கு என்று சொன்னார்.”

“ஸ்பிரிங்கு இல்ல.”

அந்த இடத்தில் என் கணவர் ஒருவரை மறுத்துப் பேசி நான் கேட்டது அது ஒருமுறைதான். காவலர் கோபிக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, அந்தத் தட்டுகள் எதற்கு என்று கேட்டார். சேற்றில் ஒரு சில்லு சும்மா சுற்றும்போது மற்றச் சில்லுக்கும் பலம் போக வேண்டும், அதற்காக என்று இவர் விளக்கினார். வாசலில் இருந்த மூத்த காவலர் நேரம் முடிந்துவிட்டது என்று சத்தம் போட்டார். காவலர் திரும்பாமலே கையை உயர்த்தி, பொறுங்கள் என்று காட்டினார்.

அந்த மிச்ச நேரத்தில் என் கணவர் மீதியைச் சொன்னார். முதலில் மேலே, ஒயில் ஊற்றும் துளையை அடைத்திருக்கும் ஆணியைக் கழற்ற வேண்டும். அது கழன்றால்தான் கீழே வடிக்கும் ஆணியில் கை வைக்க வேண்டும். இல்லாவிட்டால் இருந்ததும் போய், புதியதை ஊற்றவும் முடியாமல் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். ஒருமுறை வடித்தால் தண்ணீர் முழுக்கப் போகாது, கொஞ்சம் ஓட்டிவிட்டு இன்னொரு முறை வடிக்க வேண்டும். துளைக்குள் விரலை விட்டால் விளிம்பிலேயே ஒயில் தொட வேண்டும் என்று சொல்லிச் சுண்டுவிரலை மடக்கிக் காட்டினார். அதில் துணி சுற்றியிருந்தது.

கல்யாணமான பிறகு நாங்கள் இருவரும் இடைவிடாமல் அவ்வளவு பேசியது அன்றைக்குத்தான். மொழி எங்களுடையது அல்ல, பேச்சும் எங்களைப் பற்றியது அல்ல. இன்றும் அவருடைய குரல் என்று நினைத்தால் எனக்கு முதலில் கேட்பது, வலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஓர் அச்சைப் பற்றிச் சொன்ன அந்தக் குரல்தான்.

எஹலியகொடவில் உதிரிப்பாகக் கடை வைத்திருந்தவர் நம்மாள், தமிழர். நூற்று நாற்பது டின்னைத்தான் முதலில் எடுத்து வைத்தார். மூன்று எழுத்தைச் சொன்னேன். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“யாருங்க சொன்னது?”

“வீட்டுக்காரரு.”

“பெறகு திருப்பித் தந்தா எடுக்க மாட்டேங்க. அவரையே ஒரு நட வரச் சொல்லுங்களேன்.”

“அவரு வெளியூர்ல இருக்காருங்க.”

கடைக்காரர் உள்ளே போய் வெகுநேரம் தேடி, தூசி படிந்த டின்களைத் தூக்கி வந்து, துடைத்து, எழுத்து என் பக்கம் தெரியும்படி வைத்தார்.

ஊற்றும் ஆணி இறுகியிருந்தது. அய்யே அதைக் கழற்றும் வரை கீழ் ஆணியைத் தொடவில்லை. முதலில் வடிந்தது தேத்தண்ணீரில் பால் கலந்த நிறம். மறுநாள் இரண்டாம் முறை வடித்தபோது தேன் நிறத்துக்கு வந்துவிட்டது. ஒட்டுப்பால் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு, ரப்பர் ஸ்டோருக்குக் கீழே உள்ள கொண்டை வளைவில் அய்யே வேண்டுமென்றே மெதுவாகத் திருப்பினார். நான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கேட்டேன். மழைச் சத்தம் மட்டும் இருந்தது.

அடுத்த முறை இதைச் சொல்லத்தான் போனேன். அவர் அங்கே இல்லை. வேறு இடத்துக்கு மாற்றியிருந்தார்கள். எங்கே என்று மேசையில் இருந்தவருக்குத் தெரியவில்லை, அல்லது சொல்லவில்லை. வெளியே வரும்போது அந்த இளம் காவலர் கேட் பக்கத்தில் நின்றிருந்தார். அச்சு எப்படி இருக்கிறது என்று கேட்டார். ஆணி இறுகியிருந்தது, இரண்டு முறை வடித்தோம், தேன் நிறம் வந்தது, வளைவில் சத்தம் இல்லை என்று, கணவரிடம் சொல்ல வைத்திருந்த எல்லாவற்றையும் அதே வரிசையில் அவரிடம் சொன்னேன். கடைசி வரைக்கும் கேட்டார். அண்ணனுக்குச் சொல்கிறேன் என்றார்.

மறு வருடம் வெசாக் பண்டிகை கழிந்து என் கணவரை விட்டார்கள். அவிசாவளை பஸ் நிலையத்துக்கு அய்யேயும் நானும் பிக்கப்பைக் கொண்டுபோனோம். பஸ்ஸிலிருந்து இறங்கியவர் கையில் ஒரு சிலிசிலிப் பொலித்தீன் பை மட்டும் இருந்தது. முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, ஏறுங்க என்றேன். அவர் பின்னால் போய், மூட்டைகள் அடுக்கும் இடத்தில் ஏறி, கைதி வண்டியில் உட்காருவதுபோல் கால்களை மடக்கி உட்கார்ந்துகொண்டார்.