டுப்ளிசிட்டிக்கு ஒரு வாக்கியம்

பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பயிற்சி நூல்கள் வெளியிடும் அந்தப் பதிப்பகத்தில் அவளைக் கமா அக்கா என்றே அழைத்தனர். பிறர் தவறவிட்ட காற்புள்ளியைத் துரத்திப் பிடித்து உரிய இடத்தில் அமர்த்தும்வரை அவளுக்குச் சோறு இறங்காது. மாத்திரைப் பெட்டிக்குள் மடிந்திருக்கும் துண்டுத்தாளைக்கூட விடாமல் படித்து ஆங்கிலம் கற்றவள் அவள். கொடுத்த சொல்லின் பொருள் தானே விளங்கும்படி வாக்கியம் அமைப்பது அவள் தொழில். அகராதியைத் தொடாத பிள்ளைக்கும் அந்த வாக்கியமே விளக்காக நிற்க வேண்டும். நூலின் உட்பக்கத்தில், 'வாக்கியங்கள்' என்பதன் கீழே, நெடுங்காலம் அவள் பெயர் ஒன்றே நின்றது.

அந்த இடத்துக்குப் போட்டியாக வந்தவள் அயலாள் அல்லள், கொழுந்தனின் மனைவி. ஓரகத்திக்காகப் பரிந்து பேசி வேலை வாங்கித் தந்தவளும் கமா அக்காவே. வந்தவளின் வாக்கியங்களைப் பதிப்பாசிரியர் உரக்கப் படித்துச் சிரித்தார். தேநீர்க்காரர் முதல் கோப்பையை அவள் மேசையில் வைக்கத் தொடங்கினார். போதாக்குறைக்குச் சன்னலோர நாற்காலியும் அவளுக்கே போயிற்று. அழுக்காறு கமா அக்காவின் நெஞ்சில் அடுப்பு மூட்டி, அணையாமல் விறகும் தள்ளிற்று.

புதிய நூலொன்று தொடங்கியபோது பதிப்பாசிரியர் இருவரையும் அழைத்து 'டுப்ளிசிட்டி' என்ற சொல்லைக் கொடுத்தார். புறத்தே ஒன்று காட்டி அகத்தே வேறொன்று வைத்துப் பிறரை ஏய்க்கும் வஞ்சகத்துக்கு அது பெயர்.

"பிள்ளைங்க இதைக் கண்ட இடத்துல எல்லாம் போட்டுடுறாங்க. யாரோட வாக்கியம் தேறுதோ, இந்தப் புத்தகம் அவங்க பொறுப்பு. உள்ளே அவங்க பேர் மட்டும்தான் வரும்," என்றார்.

கமா அக்கா எங்கும் தேடவில்லை. வஞ்சகமே உருக்கொண்டு எதிரில் அமர்ந்து காற்று வாங்குவதாக அவளுக்குத் தோன்றியது. ஆங்கிலத்தில் அவள் எழுதியதன் பொருள் இது: 'என் முதுகுவலியை அவள் அன்போடு விசாரித்தாள், மறுநாள் சன்னலோர நாற்காலியில் அமர்ந்தாள், அவளுடைய டுப்ளிசிட்டி அன்று எனக்கு விளங்கியது.' காற்புள்ளியும் அரைப்புள்ளியும் அணிவகுத்து நின்றன.

பதிப்பாசிரியர் அவளைத் தனியே அழைத்து, அதைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"உங்க முதுகுவலியை அந்தம்மா பொய்யா விசாரிச்சாங்களா?"

"இல்ல சார். தைலம்கூட வாங்கிக் கொடுத்தா... கொடுத்தாங்க."

"நாற்காலியைத் திருட்டுத்தனமா பிடிச்சாங்களா?"

"ஆபீஸ்ல கொடுத்ததுதான் சார்."

"அப்புறம் வஞ்சகம் எங்கேம்மா இருக்கு? படிக்கிற பிள்ளை, சொல்றவங்களுக்குத்தான் வயித்தெரிச்சல்னு நினைக்கும்." சற்றே யோசித்தவர் முகம் மலர்ந்தார். "ஆனா பொறாமைக்கு இதைவிட நல்ல வாக்கியம் கிடைக்காது! கடைசித் துண்டை மட்டும் மாத்தி அந்தப் பக்கத்துல போட்டுடலாம்."

ஓரகத்தியின் வாக்கியத்தில் வீட்டுக்காரர் ஒருவர், வீட்டை விற்கவே மாட்டேன் என்று குடியிருப்பவரிடம் சத்தியம் செய்துவிட்டுப் பின்வாசல் வழியே ஆள் அழைத்துவந்து விலை பேசினார். எந்தப் பிள்ளைக்கும் ஐயம் எழாது. நூல் அவளுடையதாயிற்று.

சில மாதங்கள் கழித்து ஒரு மாலை, வீடு திரும்பும் பேருந்தில் இருவரும் அருகருகே அமர்ந்தனர். ஓரகத்தியின் மடியில் அச்சுக்குப் போகவிருந்த புரூஃப் தாள்கள் இருந்தன.

"அக்கா, பொறாமைப் பக்கத்துல ஒரு நாற்காலி வாக்கியம் வருதே, யார் எழுதினது? படிச்சா சுருக்குன்னு குத்துது. பாவம், அந்தப் பொம்பள எவ்வளவு வெந்து போயிருப்பா!"

"யார் கண்டா? பழைய புத்தகத்துல இருந்து சார் எடுத்திருப்பாரு."

"உங்களுக்கு என் மேல வருத்தம் ஒண்ணும் இல்லையேக்கா?"

"அடி போடி பைத்தியம்! உன் பேர் வந்தா என்ன, என் பேர் வந்தா என்ன? எனக்கு வயிறு குளுந்து கெடக்கு."

சொல்லிவிட்டு அவள் கன்னத்தையும் தட்டினாள் கமா அக்கா. தட்டிய கை மடிக்குத் திரும்புமுன்பே, டுப்ளிசிட்டிக்கு அத்தனை நாளும் அகப்படாத வாக்கியம் முழுதாய்க் கண்முன் நின்றது. ஒரு சொல் மிகையில்லை. பதிப்பாசிரியரே ஆயினும் அதில் குறை காண இயலாது.

ஓரகத்தியோ அந்தப் பேச்சை நெஞ்சார நம்பி, தான் அமர்ந்திருந்த சன்னலோர இருக்கையிலிருந்து எழுந்தாள்.

"இங்க வந்து உக்காருங்கக்கா. காத்து நல்லா வருது."