கொக்கி அறுத்த ரவிக்கை

திருப்பதியில் என் மகள் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தின் வாயிலில், சென்ற ஆண்டு பச்சை வண்ணம் பூசிய இரும்புப் பெட்டி ஒன்றை வைத்தார்கள். வேண்டாத துணியைக் குப்பையில் எறியாதீர், இதில் இடுங்கள், மண்ணும் நீரும் பிழைக்கும் என்று அதன்மேல் தெலுங்கில் எழுதியிருந்தது. அந்த எண்ணத்தில் எனக்கு இன்றும் குறை இல்லை. குப்பைமேட்டில் துணி எரியும் நாற்றத்தை நுகர்ந்தவன் நான். ஆகவே பெட்டியின் சாவியை என்னிடம் ஒப்படைத்தபோது மகிழ்ந்தே பெற்றுக்கொண்டேன்.

மாதம் ஒரு முறை வடமாலபேட்டைக்கு அப்பால் உள்ள செங்கற்சூளைக்கு மூட்டைகளைக் கொண்டு சேர்ப்பேன். அங்கே செங்கல் அறுக்கும் பெண்ணொருத்தி, கணவனை இழந்தவள், என்னிடம் ஒன்று கேட்டாள். புத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் துப்புரவு வேலைக்கு அவளை வரச் சொல்லியிருந்தார்கள். திங்கட்கிழமை சேர வேண்டும். சுத்தமான உடுப்போடு வராவிட்டால் வேறு ஆள் என்றும் சொல்லியிருந்தார்கள். சூளை மண் ஏறாத புடவை அவளிடம் ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கொண்டு வருகிறேன் என்று வாக்களித்தேன்.

மூட்டையைப் பிரித்துப் பாராமல் எடுத்துச் சென்றது என் பிழை. வசதியுள்ள வீடுகளின் துணி என்ற நம்பிக்கைதான் காரணம்.

தன் குடிசை முன் அமர்ந்து அவள் பிரித்தாள். ஊதா நிறத்தில் நல்ல புடவை. ஆனால் ஃபால்ஸைப் பிரித்தெடுத்திருந்தார்கள், ஓரமெங்கும் நூல் தொங்கியது. பாவாடையில் நாடா இல்லை. ரவிக்கையில் கொக்கி ஒன்றும் இல்லை. அறுத்த இடங்களில் பொத்தல்கள் மட்டும் இருந்தன. ஆண்களின் சட்டைகள் பதினொன்று. ஒன்றிலும் பட்டன் இல்லை.

"இன்னா தாத்தா, உங்க ஊர்ல பாவாடைய கையில புடிச்சிக்கினேதான் நடப்பாங்களா?" என்று அவள் சிரித்தாள்.

அவளுடைய மாமியார் சிரிக்கவில்லை. "துணி குட்க்க மனசு வந்துச்சு, கொக்கி குட்க்க வர்ல. எட்த்துக்கினு போ பெரியவரே. எங்களாண்ட கரித்துணி நெறைய கீது."

அந்தச் சொல் என்னைச் சுட்டது, ஏனெனில் அது உண்மை. எங்கள் வட்டாரத்து வீடுகளில், இனி உடுத்த ஆகாது என்று தீர்மானித்த பின்னர்தான் பட்டனை வெட்டுவோம். வெட்டியபின் அது சட்டை அன்று. தரை துடைப்பதற்கும் அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்குவதற்கும் உரிய துணி. அப்படி ஒதுக்கியதை ஒரு மனுஷியின் உடம்புக்கு அனுப்பிவிட்டு, பூமியைக் காத்தோம் என்று நிம்மதியாக உறங்குகிறோம்!

அன்று மாலையே கட்டடச் சங்கத்தின் செயலாளரை வாயிலில் நிறுத்திக் கேட்டேன்.

"பெத்தாயனா, கோவிச்சுக்காதீங்க," என்றார் அவர், தெலுங்கில் பெரியவரே என விளித்து. "பட்டனும் பிளாஸ்டிக்தானே? அதையும் நாம திரும்ப யூஸ் பண்றோம். ரெண்டு வழியிலயும் பூமிக்கு நல்லதுதானே?"

"பூமி ரவிக்கை போடறதில்ல சார்," என்று சொல்லிவிட்டு மேலே ஏறினேன்.

மகளிடம் கொதித்தேன். அவள் ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து திறந்தாள். உள்ளே பட்டன்களும் கொக்கிகளும் சுருட்டிய நாடாக்களும் இருந்தன.

"நானுந்தான் நைனா அறுத்தேன். துணிய ஒதுக்கினா கை தானா கத்தரிய எடுக்குது. நீ மட்டும் இன்னாவாம்? டிவி பாத்துக்கினே உன் சட்டைங்கள வெட்டல?"

வெட்டினேன். அந்தப் பதினொன்றில் மூன்று என்னுடையவை. சூளையில் அவள் என் கண்முன் பிரித்தபோதும் அடையாளம் தெரியவில்லை. மற்றவர்கள்மீது கொண்ட சினம் தணியவில்லை, என்மீதும் சேர்ந்துகொண்டது.

மறுநாள் மகள் தான் உடுத்தி வந்த புடவை ஒன்றை, அதற்குரிய ரவிக்கை பாவாடையோடு தந்தாள். காலைப் பேருந்தில் புத்தூர் சென்றேன். எனக்கு முன்பே அந்தப் பெண் மருத்துவமனையில் தரை துடைத்துக்கொண்டிருந்தாள். உடுத்தியிருந்தது அந்த ஊதாப் புடவைதான்; மாமியார் மறுத்தும் அதை எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறாள். முழங்கை இரண்டையும் விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு, குச்சியைச் சிறிது சிறிதாக நகர்த்தினாள்.

"ஊக்கு குத்திக்கினு வந்தேன் தாத்தா," என்றாள் தாழ்ந்த குரலில். "கைய நீட்டினா தெறிச்சிடும். சூப்பர்வைசரம்மா பாத்துட்டு, 'கை நோவா? நோவுன்னா இப்பவே போயிடு'ன்னு சொல்லிட்டாங்க. மத்தியானம் வரைக்கும் பாப்பாங்களாம்."

பொட்டலத்தைக் கொடுத்தேன். மாற்றிக்கொண்டு வந்தாள். கையை முழுதாக உயர்த்தி ஜன்னல் கண்ணாடியை மேலிருந்து துடைக்கத் தொடங்கினாள். வேலை நிலைத்தது.

இப்போது பெட்டியைப் பூட்டியே வைத்திருக்கிறேன். துணி கொண்டு வருகிறவர் என் எதிரில் பிரித்துக் காட்டி, பட்டன் போட்டு மடித்துத் தர வேண்டும். பெரியவர் செக்போஸ்ட் போட்டுவிட்டார் என்று லிஃப்டில் சிரிக்கிறார்களாம். சென்ற வாரம் ஓர் அம்மையார் நாடா உருவிய பாவாடைகளோடு வந்தார். இதைக் கட்டிக்கொண்டு கடைத்தெரு வரை போய் வருவீர்களா அம்மா என்று கேட்டேன். அன்றிலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை. பேச வேண்டாம், நாடா கோத்துத் தரட்டும்.