லிஃப்ட் வாசலில் விசாரணை

எல்லா அரசு அலுவலகங்களிலும் அவளுக்கு 'டேப் அக்கா' என்றுதான் பெயர். இடது காலில் நடக்க உதவும் இரும்புக் காலிப்பர், தோள்பையில் அளவுநாடா. சாய்தளம் சரியா, கதவில் சக்கர நாற்காலி நுழையுமா என்று அளந்து மாற்றுத்திறனாளிகள் உரிமைக் குழுவுக்கு எழுதிப்போடுவது பதினொரு வருஷமாக அவள் வேலை. அவள் வண்டி வாசலில் நின்றாலே உள்ளே பலர் சாய்தளத்தில் நிறுத்திய பைக்குகளை நகர்த்த ஓடுவார்கள்.

அன்று அவள் அளக்க வரவில்லை. மலைக்குடிப் பெரியம்மா ஒருத்திக்குத் துணையாக வந்திருந்தாள். பாட்டன் காலத்திலிருந்து பயிரிடும் நிலத்துக்கு உரிமைப் பத்திரம் கேட்ட மனு, இன்று கடைசி விசாரணை. பன்னிரண்டு மணிக்குள் ஆள் வராவிட்டால் தள்ளுபடி. விசாரணை எங்கே? மூன்றாவது மாடியில்! பெரியம்மாவோ சக்கர நாற்காலியில்.

"லிஃப்ட் ஓடாதுங்க. நாலு பேரைப் புடிச்சுத் தூக்கிட்டுப் போங்களேன்" என்றார் வரவேற்பு மேசைக்காரர்.

"நான் என்ன மூட்டையா?" என்றாள் பெரியம்மா. அக்காவுக்கு அவளை அப்படியே கட்டிக்கொள்ளலாம்போல இருந்தது.

பேசிப் பேசியே பதினொன்றே முக்கால் ஆகிவிட்டது. அக்கா லிஃப்ட் கதவை இழுத்தாள். அடேயப்பா! தரையிலிருந்து கூரைவரை பழைய கோப்புக் கட்டுகள். அது லிஃப்டா, பீரோவா? கோபம் தலைக்கேறியது. அடுத்த நொடியே சிரிப்பும் வந்தது. 'லிஃப்ட் தினமும் நன்றாக இயங்குகிறது' என்று போன மாதம் இந்த அலுவலகம் குழுவுக்கு எழுதிய பதில் பையிலேயே இருந்தது. கீழே இன்று விசாரிக்கப்போகும் அதிகாரியின் கையெழுத்து, தொலைபேசி எண்.

போனில் ஒரு படம் எடுத்துக் குழுவுக்கு அனுப்பிவிட்டு, அந்த எண்ணை அழுத்தினாள்.

"சார், லிஃப்ட் வாசல்ல நிக்கிறோம். உள்ள இருக்கறத போட்டோ எடுத்துக் குழுவுக்கு அனுப்பிட்டேன். விசாரணை எங்க நடந்துச்சுன்னும் எழுதணும். என்ன எழுதட்டும், மாடியா, கீழயா?"

மறுமுனையில் போன் கட்டானது. அப்புறம் படிக்கட்டில் தடதடவென்று செருப்புச் சத்தம்! பதிவேட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு அதிகாரி ஓடி வந்தார். பின்னால் எழுத்தர் ஒரு ஸ்டூலோடு.

"மனுதாரர் வந்தாச்சா?" மூச்சிரைத்தது அவருக்கு. மணி பதினொன்று ஐம்பத்தேழு.

"நான் பத்து மணிக்கே வந்துட்டேன் தம்பி. உங்களுக்குத்தான் இவ்வளவு நேரம் ஆச்சு" என்றாள் பெரியம்மா.

எழுத்தர் சிரிப்பை மென்று விழுங்கினார். அதிகாரி 11.57 என்று எழுத, அக்கா அதன்மேல் விரலை வைத்தாள்.

"பத்துன்னு போடுங்க சார்."

அதிகாரி அதை அடித்துவிட்டு 10 என்று போட்டார். "சொல்லுங்கம்மா, உங்க நிலம் எங்க ஆரம்பிக்குது?"

பெரியம்மா ஓடையிலிருந்து தொடங்கிச் சொல்லிக்கொண்டே போனாள். அதிகாரி ஒன்று விடாமல் எழுதினார். அக்காவுக்குக் கை சும்மா இருக்குமா? நாடாவை உருவி லிஃப்ட் கதவை அளந்தாள். தொண்ணூறு சென்டிமீட்டர். கோப்புக் கட்டுகளை அள்ளிவிட்டால் பெரியம்மாவின் நாற்காலி தாராளமாக நுழையும்.