மாத்திரை பிடிக்கும் நேரம்

முதல் அறிகுறி ஒரு வெட்டுக்கிளியின் மீசையில் தெரிந்தது. திருநெல்வேலிப் பக்கத்துப் புதுக்கோட்டையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், துணி காயப்போடும் கொடியில் அது உட்கார்ந்திருந்தது. நான் எடுத்த படத்தில் ஒவ்வொரு மீசையும் இரண்டாகக் கலங்கி விழுந்திருந்தது. பூச்சிகளை இவ்வளவு நெருங்கிப் படமெடுக்கும்போது நம் மூச்சு பட்டாலே படம் கெட்டுப்போகும். அதற்கு எங்கள் பக்கத்தில் ஒரு சாக்கு தயாராக இருக்கிறது: தென்மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று. காற்று நிற்கட்டும் என்று நானும் மாதக்கணக்கில் காத்திருந்தேன்.

காற்று நின்றது. ஒரு மதியம் சன்னலைச் சாத்தி, மின்விசிறியை அணைத்துவிட்டு, சாப்பாட்டு மேசையில் சீனி இழுத்துப்போன எறும்பைப் படமெடுத்தேன். அதுவும் கலங்கித்தான் வந்தது.

ஊரில் பார்த்த டாக்டர் என் கையைத் தொடக்கூட இல்லை. "டென்ஷன்மா. இந்த வயசுல பொம்பளைங்களுக்கு வாரதுதான்" என்று தூக்க மாத்திரை எழுதினார். படங்களைக் காட்டினேன். "பூச்சிய எதுக்கும்மா எடுக்கீங்க?" என்றார். அவர் தந்ததைத் தின்று, பள்ளிக்கூடத்தில் நான் பாடம் நடத்தும் வகுப்பிலேயே தூங்கி வழிந்ததுதான் மிச்சம்.

பிறகு திருநெல்வேலியில் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் (மூளை, நரம்பு நோய்களைப் பார்ப்பவர்) போனோம். விரல்களைத் தட்டச் சொன்னார், நடக்கச் சொன்னார். "வாசனை தெரியுதா?" என்று கேட்டார். தெரிகிறது என்றேன்.

பக்கத்திலிருந்த என் கணவர் விடவில்லை. "எங்க தெரியுது? அன்னைக்குக் கருவாடு கரிஞ்சு தெருவே மணக்கு. இவ அடுப்பு முன்னாலயே நிக்கா."

மருத்துவர் சிரிக்கவில்லை. பார்க்கின்சன் (அசைவைச் சீராக்கும் டோபமைன் என்ற வேதிப்பொருள் மூளையில் குறைந்துபோகும் நோய்) என்றார். பலருக்கு முதலில் போவது வாசனைதானாம்.

"கைய அசைக்காம வச்சிருந்தாத்தான் நடுங்கும். வேலை செஞ்சா கொஞ்சம் அடங்கும்."

"படம் எடுக்கையில கைய அசைக்காம வச்சிருக்கதுதான் டாக்டர் என் வேல" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் கணவர் கேமராவைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்.

இதே நோயோடு இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். லெவோடோபா (மூளைக்குள் போய் டோபமைனாக மாறும் மருந்து) உடனே வேலை செய்யாது. மருந்து பிடித்தபின் கொஞ்ச நேரம் கை நடுங்காமல் நிற்கும். பிறகு மருந்தின் வேகம் இறங்கிவிடும். அந்த நேரம் எது என்று நமக்குப் பிடிபடுவதற்குள் வீட்டிலுள்ளவர்களுக்குப் பிடிபட்டுவிடும். "கை நல்லா இருக்கும்போதே காய நறுக்கிரு." "அப்படியே தேங்காயையும் திருவிரு." எல்லாம் அக்கறைதான். அந்த அக்கறையின் மேல்தான் எனக்கு அத்தனை ஆத்திரம்.

ஒரு நாள் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். மாத்திரை நன்றாகப் பிடித்திருந்தது. சமையலறைச் சன்னல் சட்டத்தில் ஒரு குளவி மண் கொண்டுவந்து கூடு பூசிக்கொண்டிருந்தது. நான் கத்தியைக் கீழே வைத்தேன்.

"பீரோ சாவியத் தாங்க."

"ஏளா, இப்ப எதுக்கு? கீழ போட்டு ஒடைச்சிருவ. நல்லாவட்டும், பொறவு எடுக்கலாம்" என்றார் கணவர்.

"இது நல்லாவுற சீக்கு இல்ல. அது உங்களுக்கும் தெரியும்."

அவர் கத்தியை என் பக்கம் நகர்த்தினார்.

"கத்திய மட்டும் நம்பிக் கையில தாரீங்கல்லா? கேமராவத் தர மட்டும் பயமாக்கும்?"

சாவியை மேசையில் வைத்துவிட்டு, கத்தியை அவர் எடுத்துக்கொண்டார். குளவியின் வாயிலிருந்த மண் உருண்டையின் ஈரம்கூடப் படத்தில் விழுந்தது. நான் வாய்விட்டு அழுதேன்.

காலை, மாலை என்பதெல்லாம் எனக்கு இப்போது பெயருக்குத்தான். கை நிற்கிற நேரம், நிற்காத நேரம் என்றுதான் என் நாள் பிரிகிறது. நிற்கிற நேரத்தில் என்னை யாரும் கூப்பிடக் கூடாது. நடுங்குகிற நேரத்தில்தான் சமைக்கிறேன். குழம்பில் உப்பு கூடிப்போகிறது. சாப்பிடட்டும்.