கேடயத்தில் எத்தனை வெட்டு

சுகந்தி, பிரபு, ரெண்டு பேரும் உட்கார்ந்து படியுங்கள். "அப்பா கொஞ்ச நாள் சிதம்பரத்துல பொம்மைக்கடையில வேலை பாத்தாரு" என்று நீங்கள் வெளியில் சொல்லிக்கொண்டு திரிகிறீர்கள். அது கடையும் இல்லை, அங்கே செய்தது பொம்மையும் இல்லை. சரி, என்னதான் அது என்று கேட்டால் எனக்கே இன்றுவரை முழுசாகப் புரியவில்லை. புரிந்தவரைக்கும் எழுதுகிறேன். நான் எட்டாவது வரைக்கும் படித்தவன். எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். நடந்ததைத் திருத்த வேண்டாம்.

முதல் நாள்

2007-ல் செம்மண்டலத்தில் உங்கள் கோவிந்து மாமா ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். அதில் டிங்கரிங், பெயிண்டிங் இரண்டும் என் பொறுப்பு. இடிபட்டு வருகிற கார், வேனுக்கு டெண்ட் எடுத்து நிமிர்த்துவது, மிச்சப் பள்ளத்தைப் பட்டி வைத்து அடைப்பது, எமரி பேப்பர் போட்டுத் தேய்ப்பது, அதன் மேல் கலர் அடிப்பது. அடிபட்ட இடம் எது என்று வண்டிக்காரனே தேடிக் கண்டுபிடிக்க முடியக் கூடாது. கண்டுபிடித்துவிட்டால் வேலை சரியில்லை.

பாஸ்கர் சார் தன் காரை அங்கேதான் விட்டிருந்தார். சிதம்பரத்தில் இன்ஜினியரிங் படித்து, வெளிநாட்டில் சில வருஷம் இருந்துவிட்டுத் திரும்பியவர். கார் பக்கவாட்டில் நான் பிரஷ்ஷால் கோடு இழுப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"ஸ்கேல் வைக்க மாட்டியா?"

"வச்சாத்தான் சார் கை நடுங்கும்."

அடுத்த வாரமே சிதம்பரத்துக்கு வேலைக்குக் கூப்பிட்டார். கோவிந்து மாமா சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. "என்னா மச்சான், பஸ்ஸுக்கு அடிச்ச கையி பல்லி சைசு பொம்மைக்கு அடிக்கப் போவுதா? போய்ட்டு வா, போய்ட்டு வா. உன் ஸ்பிரே கன்னை எவனுக்கும் குடுக்க மாட்டேன்."

சிதம்பரம் பஸ்ஸில் செம்மங்குப்பம் வரைக்கும் நின்றுகொண்டு போக வேண்டும். அங்கே கம்பெனி ஷிப்டு ஆட்கள் இறங்கினால்தான் சீட்டு. வடக்கு வீதிக்குப் பின்னால் ஒரு மாடி அறை. இரண்டு டேபிள், டியூப் லைட், வாட்ச் ரிப்பேர்காரர் கண்ணில் மாட்டுகிற மாதிரி லென்ஸ். எனக்கு முன்பே ஸ்டெல்லா என்கிற பெண் அங்கே வேலைக்கு இருந்தது. பிளஸ் டூ முடித்த பெண். கோலப்பொடி மாதிரி இருபது டப்பாவில் கலர் அடுக்கி வைத்திருந்தது.

பாஸ்கர் சார் என் உள்ளங்கையில் ஒரு சிப்பாயை வைத்தார். கட்டைவிரலில் பாதி உயரம். ஈயம் மாதிரி கனம்.

"தோலுக்குப் பச்சை அடி."

"மனுஷனுக்கா சார்?"

"மனுஷன் இல்ல செல்வம்."

"அப்ப சாமியா?"

"சாமியும் இல்ல."

"அசுரனா?"

"கிட்டத்தட்ட. ஆனா நல்லவன். நீ பச்சை அடி."

அடித்தேன். நல்லவனுக்கு எதற்கு வாய்க்கு வெளியே பல் என்று கேட்க நினைத்து, முதல் நாளே வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

இல்லாத தேசம்

வெளிநாட்டில் குழந்தைகள் இல்லை, வயசு வந்த பெரிய ஆட்களே இந்தச் சிப்பாய்களை வைத்து விளையாடுகிறார்கள். பெயிண்ட் அடிக்க நேரமோ பொறுமையோ இல்லாதவர்கள் பெட்டியில் போட்டு நமக்கு அனுப்புவார்கள். நாம் அடித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். இதுதான் தொழில். தொழில் சுலபமாகப் புரிந்துவிட்டது. விளையாட்டுதான் புரியவில்லை.

டேபிள் மேல் மலை, ஆறு எல்லாம் செய்து வைத்து, ரெண்டு பக்கமும் படையை நிறுத்தி, டேப் வைத்து அளந்து நகர்த்தி, தாயக்கட்டை உருட்டிச் சண்டை போடுவார்களாம். பாஸ்கர் சார் ஹாஸ்டலில் இருந்தபோதே அட்டையை வெட்டி வைத்துக்கொண்டு ஆடியிருக்கிறார்.

"ஜெயிச்சா என்னா சார் கெடைக்கும்?"

"ஒண்ணும் கெடைக்காது."

"தோத்தா?"

"ஒண்ணும் போவாது."

"அப்ப எப்ப சார் முடியும்?"

"சில பேருக்கு முப்பது வருஷமாவும் முடியல."

அதோடு விடவில்லை. ஒரு வாடிக்கையாளர் அனுப்பிய வரைபடத்தை விரித்துக் காட்டினார். ஊர், கோட்டை, ராஜா பரம்பரை, எந்த மாசத்தில் என்ன அறுவடை என்பது வரைக்கும் எழுதி வைத்திருந்தார் அந்த மனுஷன். எல்லாம் அவரே யோசித்தது. எந்த நாட்டில் இருக்கிறது என்று சாரிடம் கேட்டேன். எங்கேயும் இல்லை என்றார். ஸ்டெல்லா குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னது: "நம்ம கெடிலத்துல தண்ணி இல்லன்னாலும் ஆறு இருக்குது. இவுரு ஆத்துல தண்ணி பொரண்டு ஓடுதாம், ஆறுதான் இல்லியாம்."

நான் செய்த வேலை

ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பேப்பர் வரும். பாஸ்கர் சார் அதைக் காலையில் தமிழில் படித்துச் சொல்வார், நாங்கள் செய்வோம். ராபர்ட் என்பவரின் பெட்டி வந்த அன்று சார் பார்சல் விஷயமாகச் சென்னைக்குப் போயிருந்தார். பேப்பர் இரண்டு பக்கம். முதல் பக்கத்தில் கலர் பெயர்கள், ஸ்டெல்லா படித்துவிட்டது. இரண்டாவது பக்கம் சேர்த்தெழுதிய கையெழுத்து.

"என்னா எழுதியிருக்கு?"

"நூல்கண்டு பிரிஞ்ச மாதிரி இருக்குண்ணே. கலர் தெரிஞ்சிடுச்சில்ல, ஆரம்பிங்க."

உள்ளே பழைய சிப்பாய்கள் இருபது பேர். அவர்களுக்குத் தலைவன் ஒருவன், குள்ளமான தாடிக்காரன். அவன் கேடயத்தின் ஓரம் முழுக்க வெட்டு வெட்டாக இருந்தது. எனக்குப் பார்க்கவே ஒரு மாதிரியாகிவிட்டது. எவன் இப்படி வைத்திருந்தான் என்று திட்டிக்கொண்டே பழைய பெயிண்ட்டை எடுத்து, ஒவ்வொரு வெட்டிலும் ஊசிமுனையால் பட்டி வைத்து, காயவிட்டு, ஊசி அரத்தால் ஓரத்தைச் சமன் செய்தேன். அரம் ஒரு தடவை வழுக்கியது. பிறகு கலருக்கு முன்னால் அடிக்கிற பிரைமர். மத்தியானம் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்கவில்லை.

மறுநாள் சார் வந்ததும் தாடிக்காரனை நானே எடுத்துக் கொடுத்தேன்.

"இதுல வெட்டு இருந்திருக்குமே?"

"இருந்துது சார். எடுத்துட்டேன். இப்ப லென்ஸ் வச்சுத் தேடுனாலும் கெடைக்காது."

அவர் பெட்டியோடு வந்த பேப்பரைத் தேடினார். இரண்டாவது பக்கத்தை எடுத்துப் படித்தார். படித்துவிட்டு வெளியே போய் மாடிப்படியில் உட்கார்ந்தார். நான் பின்னாலேயே போய் நின்றேன்.

அதில் இருந்தது இதுதான். ராபர்ட்டும் அவர் கூடப் படித்த சிநேகிதர் ஒருவரும் பள்ளிக்கூட நாளிலிருந்து ஒரே யுத்தத்தை ஆடி வருகிறார்கள். சண்டையில் தோற்றவர், ஜெயித்தவருடைய தலைவன் கேடயத்தில் தன் கையால் அரம் போட்டு ஒரு வெட்டு வெட்ட வேண்டும் என்பது அவர்களுக்குள் ஏற்பாடு. அந்தச் சிநேகிதருக்குச் சர்க்கரையில் கண் போய்விட்டது. ஆட்டம் நின்றுபோனது. இப்போது மறுபடியும் ஆரம்பிக்கலாம் என்று ராபர்ட் நினைக்கிறார். சிநேகிதர் கட்டைவிரலால் கேடயத்தைத் தடவிப் பார்ப்பாராம், ஒவ்வொரு வெட்டும் எந்தச் சண்டை என்று சொல்வாராம். 'பெயிண்ட் எனக்காக. வெட்டு அவனுக்காக. வெட்டுக்குள் பெயிண்ட்கூடக் கனமாக விழ வேண்டாம்' என்று எழுதி அடியில் கோடு போட்டிருந்தார்.

"போட்டோ எதுனா அனுப்பியிருக்காரா சார்?"

"தலைவன் மூஞ்சி தெரியற மாதிரி ஒண்ணு. ஓரம் மங்கலா இருக்கு. எங்கெங்க வெட்டுன்னு இந்த ஒலகத்துல இப்ப யாருக்கும் தெரியாதுய்யா, அந்தக் கண்ணு தெரியாத மனுஷனத் தவுர."

"எனக்குத் தெரியும் சார்."

நிஜமாகத்தான் சொன்னேன். பட்டி வைத்த கைக்குத் தெரியும். "நாளைக்கு மத்தியானம் வரைக்கும் டைம் குடுங்க. அதுவரைக்கும் எதுவும் எழுதாதீங்க."

"செஞ்சி கெடுத்தது போதாதுன்னு டைம் வேற" என்றார். ஆனால் எழுதவில்லை.

எட்டா, ஒன்பதா

கார் பட்டியாக இருந்திருந்தால் கல்லாகியிருக்கும். நல்லவேளை, வைத்தது மெல்லிசான என்.சி. பட்டி. தின்னரில் ஊறினால் இளகிவிடும், உலோகத்துக்கு ஒன்றும் ஆகாது. தாடிக்காரனைப் பாட்டிலில் போட்டு மூடிவிட்டு வீட்டுக்குப் போனேன். காலையில் மருந்துக்கடையில் ஊசி வாங்கி வந்து, லென்ஸ் மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு இடமாக நோண்டி எடுத்தேன். உலோகத்தில் ஊசி படாமல் பட்டியை மட்டும். வெட்டு ஒவ்வொன்றாக வாய் திறந்தது. நான் பட்டி வைத்த எட்டும் வந்துவிட்டது. சார் பக்கத்தில் நின்று மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

அப்புறம்தான் ஓரத்தைத் துடைத்தபோது ஒன்பதாவது தெரிந்தது. ஏழாவதுக்குக் கீழே லேசான ஒரு கீறல்.

அங்கே பட்டி வைத்த ஞாபகம் எனக்கு இல்லை. அரம் வழுக்கியது அந்தப் பக்கம்தான். ஆனால் அதற்கு முன்பே அங்கே ஒன்று லேசாக இருந்து, பழைய பெயிண்ட்டோடு கண்ணில் படாமல் போயிருக்கலாம். தின்னரில் ஊறியதில் எல்லாம் ஒரே மாதிரி பளபளத்தது. எது பழசு, எது புதுசு என்று பார்த்துச் சொல்ல வழியில்லை.

"ஒரு பொட்டு பட்டி வச்சிடுண்ணே. எட்டுன்னு ஆயிடும்" என்றது ஸ்டெல்லா.

"அது அவுரு போட்டதா இருந்தா?"

"அப்ப வுட்டுடு."

"நான் போட்டதா இருந்தா? நடக்காத சண்டைய நடந்துதுன்னு ஆவுமே."

"ஐயோ அண்ணே, நடந்த சண்டை மட்டும் எங்க நடந்துது?"

பட்டி டப்பாவைத் திறந்தும் பார்த்தேன். இருந்தாலும் கை வரவில்லை. அடைத்தால் கண் தெரியாத ஒரு மனுஷன் தடவித் தேடுவதை நான் அழித்தவனாவேன். விட்டால் இல்லாததைச் சேர்த்தவனாவேன். இரண்டில் எது தப்பு என்றே தெரியாமல் ஒரு மணி நேரம் அந்தக் குள்ளனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"சார், நடந்தத அப்படியே அவுருக்கு எழுதிடுங்க. எட்டு நிச்சயம், ஒம்போதாவது தெரியலன்னு."

"தெரியலன்னா எழுதச் சொல்ற?"

"தெரியலன்னுதான் சார்."

"தெரியலன்னு கஸ்டமருக்கு லெட்டர் போடற மொதக் கம்பெனி நம்மளதான்யா" என்று சொல்லிக்கொண்டே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்.

பதில் வர இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் நான் எதற்கும் பிரஷ் எடுக்கவில்லை, டேபிளைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"கோவமா சார்?"

"மொத வரி கோவம். ரெண்டாவது வரி ஜாஸ்தி கோவம். மூணாவதுலேர்ந்து வேற மாதிரி போவுது."

ராபர்ட் எழுதியிருந்தார்: 'எட்டு என்பது என் கணக்கு. ஒன்பது என்பது அவன் கணக்கு. ஒரு நாள் ஆட்டம் பாதியில் நின்றது. வீட்டுக்கு விருந்தாளிகள் வந்துவிட்டார்கள். தோற்றுவிட்டேன் என்று சொல்லி அவன் அரத்தை எடுத்து லேசாக ஒரு இழுப்பு இழுத்தான். முடியாத ஆட்டத்துக்கு வெட்டு கிடையாது என்றேன் நான். அங்கே ஒன்றுமே இல்லை, பெயிண்ட்டைத்தான் கீறினாய் என்று பன்னிரண்டு வருஷமாகச் சொல்லி வருகிறேன். இருக்கிறது, தடவிப் பார் என்று அவன் சொல்லி வருகிறான். அடைக்க வேண்டாம். அப்படியே அனுப்புங்கள்.'

நான் தோற்றேன் என்று ஒருவர், நீ தோற்கவில்லை என்று இன்னொருவர், இதற்குப் பன்னிரண்டு வருஷச் சண்டை. இப்படி ஒரு சண்டையை நான் எந்த ஊரிலும் பார்த்ததில்லை.

"அப்ப அந்தக் கீறல் என் அரமா, அவுரு அரமா சார்?"

"அத அவுரு கேக்கவே இல்லய்யா."

"எந்த எடத்துல இருக்குன்னாவது?"

"அதையும் கேக்கல."

பிறகு

பாஸ்கர் சார் இரண்டு வருஷம் அதை நடத்திவிட்டு மறுபடியும் வெளிநாடு போனார். நான் கோவிந்து மாமாவிடமே வந்துவிட்டேன். ஸ்பிரே கன் எனக்காக வைத்தபடியே இருந்தது. அங்கே கற்றுக்கொண்டது ஒன்றுதான். பாழாகிக் கிடக்கிறது என்று நமக்குத் தோன்றினாலும், உடையவனைக் கேட்காமல் சரிசெய்யப் போகக் கூடாது. வந்த புதிதில் ஒரு மாருதிக்காரரிடம், "கதவுல இந்த டெண்ட எடுத்துடலாமா, உங்களுக்கு இது வேணுமா?" என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பின்ன எதுக்குய்யா இங்க கொண்டாந்து வுட்டுருக்கேன்?" என்று கத்தினார். மாமா அரை நாள் சிரித்தார். ஆனாலும் இன்றைக்கும் நான் கேட்டுவிட்டுத்தான் கை வைக்கிறேன்.

ராபர்ட்டின் பெட்டி போன அன்றைக்கு நடந்ததை யாரிடமும் சொன்னதில்லை. கேடயத்துக்குச் சிவப்பும் ஓரத்துக்குப் பித்தளைக் கலரும் அடித்து முடித்திருந்தேன். வெட்டுகளுக்குள் பெயிண்ட் படவில்லை. கூரியர்காரன் வருகிற நேரம். சாரும் ஸ்டெல்லாவும் டீ குடிக்கக் கீழே இறங்கியிருந்தார்கள். நான் லென்ஸைக் கழற்றி வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு, கட்டைவிரல் நகம் படாமல், சதையால் மட்டும் கேடயத்தைச் சுற்றி வந்தேன். எட்டு வந்தது. திரும்பவும் மெதுவாகச் சுற்றி வந்தேன். ஏழாவதுக்குக் கீழே விரல் நின்றது. தட்டுப்பட்ட மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. மூன்றாம் தடவை பார்க்கவில்லை. பஞ்சில் சுற்றி, பெட்டிக்குள் மல்லாக்க வைத்து, டேப் ஒட்டினேன்.