காலுக்குத் தெரிந்த பந்து

எந்த விளையாட்டுக்குக் கெட்டித்தனம் கூட வேண்டும் என்று எங்கள் வீட்டில் இருபத்தைந்து வருடமாக ஒரு சண்டை. என் கணவர் சண்டிலிப்பாய்க்காரர். உதைபந்தாட்டத்தைத் தவிர மற்றதெல்லாம் அவருக்குச் சும்மா பொழுதுபோக்கு. நான் உடுவில்காரி. எங்கள் சனசமூக நிலையத்து விளையாட்டுப் போட்டியில், பெண்களுக்கான மெதுவான சைக்கிள் ஓட்டத்தில் மூன்று வருடம் தொடர்ந்து முதலாமிடம் எனக்குத்தான். கால் நிலத்தில் முட்டாமல், எல்லாருக்கும் கடைசியாக வந்து சேருகிறவள்தான் வெல்வாள். ஓடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும் அது என்ன பாடென்று.

"உதெல்லாம் ஒரு விளையாட்டே? ஓடத் தெரியாததுகளுக்கு வைச்சது" என்பார்.

"ஓமோம், பந்துக்குப் பின்னாலை மாடு மாதிரி ஓடுறதுதான் கெட்டித்தனம்" என்பேன்.

அவருடைய வாதம் எப்போதும் ஒன்றுதான். பந்து வந்து பட்டதும் அது எந்தப் பக்கம் நிற்கிறது என்று கால் சொல்லவேண்டும். கண் எதிராளியைப் பார்க்கவேண்டும். அதற்காகவே, ஒவ்வொரு சித்திரையிலும் கலியாணம் கட்டினவர்களுக்கும் கட்டாதவர்களுக்கும் நடக்கும் போட்டியில் அவரும் கூட்டாளிகளும் வெறுங்காலோடு இறங்குவார்கள். சப்பாத்துப் போட்டவனைக் கண்டால் நக்கலடிப்பார்கள். ஐம்பது வயதாகி, சீனி வருத்தம் என்கிற நீரிழிவுக்குக் குளிசை போடத் தொடங்கிய பிறகும் அந்த வீம்பு குறையவில்லை.

ஒரு சித்திரைக்குச் சற்று முன், கிணற்றடியிலிருந்து வீட்டுக்குள் வந்தவரின் ஒரு காலில் செருப்பு இல்லை. அது கிணற்றடியிலேயே கழன்று கிடந்தது. கழன்றது அவருக்குத் தெரியவில்லை. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "என்ன, புதுமாப்பிள்ளை கனவிலை நடக்கிறாரோ?" என்று பகிடி விட்டேன். ஐயோ, அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என் வாயில் நானே அடிக்கவேண்டும் போலிருக்கிறது.

போட்டியன்று உடைந்த போத்தல் துண்டொன்று அவருடைய வலது பாதத்தில் ஏறிவிட்டது. அதோடேயே ஆட்டம் முடியும்வரை ஆடி, ஒரு கோலும் அடித்தார். வீட்டு வாசலில் இரத்தச் சுவட்டைக் கண்டு கத்தியது நான்தான். அந்தப் பாதத்தில் உணர்வே இல்லை என்று ஆஸ்பத்திரியில்தான் சொன்னார்கள். புண் ஆறவில்லை, கறுத்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

இந்த வருடம் செயற்கைக் கால் பொருத்தினார்கள். காலையில் முற்றத்து வேம்பிலிருந்து வாசல் கேற் வரைக்கும் நடை பழகினோம். அவர் அவசரப்பட்டார், விழுந்தார். நான் என் வித்தையை எடுத்துவிட்டேன்.

"இஞ்சேருங்கோ, மெல்ல, மெல்ல. காலைப் பாக்காதேங்கோ, கேற்றைப் பாருங்கோ. சைக்கிள் ஓடேக்கை சில்லைப் பாத்தால் விழுந்திடுவம்."

அவர் நின்றார். "பாக்காட்டில் கால் எங்கை நிக்குதெண்டு எனக்குத் தெரியாது."

"அது பொய்க்கால். மற்றதை ஊண்டி நடவுங்கோ."

"மற்றதும் அப்பிடித்தான்." கேற்றைப் பார்த்தபடியே சொன்னார். "ரண்டு காலும் செத்துக் கனகாலம். கடைசி ரண்டு வருசமும் பந்தைக் கண்ணாலை பாத்துப் பாத்துத்தான் விளையாடினனான். ஒருத்தனும் கண்டுபிடிக்கேல்லை. நீரும் கண்டுபிடிக்கேல்லை. ஆஸ்பத்திரியிலை கேக்கேக்கையும் மற்றக் கால் நல்லாயிருக்கெண்டுதான் சொன்னனான்."

குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. எனக்கு உச்சந்தலைக்குக் கோபம் ஏறியது.

"உங்களுக்கென்ன விசரே? ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் நீர் விளையாட விட்டிருக்கமாட்டீர்."

விட்டிருக்கமாட்டேன்தான். பிடித்த கையை விட்டால் விழுந்துவிடுவார் என்பதால், பிடித்தபடியே அழுதேன்.

அடுத்த நாளே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். மிச்சக் காலைத் தினமும் பார்க்கச் சொன்னார். இதிலும் புண் வந்தால் இதையும் எடுக்க வேண்டி வரலாம் என்றார். அன்றிலிருந்து பின்னேரங்களில் அவரைக் கதிரையில் இருத்தி, பாதத்தைக் கழுவித் துடைத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரல் இடுக்கெல்லாம் பார்க்கிறேன். பிறகு ஒவ்வொரு விரலாக அமத்துவேன்.

"தெரியுதோ?"

"ஓம்."

"இது?"

"சின்னவிரல்."

ஒரு கிழமையாக ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. உணர்வு திரும்புகிறது என்று எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. பிள்ளையாருக்கு நேர்த்திகூட வைத்துவிட்டேன்.

நேற்றுத் தற்செயலாக நிமிர்ந்தேன். அவருடைய கண் என் கையிலேயே இருந்தது. எழும்பித் துவாயை எடுத்து அவருடைய கண்ணைக் கட்டினேன். திரும்பக் கீழே உட்கார்ந்து, பெருவிரலை நகம் பதிய அமத்தினேன்.

"இப்ப எந்த விரல்?"

அவர் தலையைச் சரித்துக் காத்திருந்தார்.

"நீர் இன்னும் தொடேல்லை" என்றார்.